எந்திரி சிஸ்டரின் முழங்கால்

பிரிக்பீல்ட்ஸில் இன்று அறுபதைத் தாண்டி நடமாடிக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேரை நடக்க வைத்தவர் எந்திரி சிஸ்டர்தான். மீதிப் பாதி, அவர் கண்ணில் படாமல் ஓடியே கால் உறுதிப்பட்டவர்கள். இதை எங்கு வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். நான் இரண்டு பாதியிலும் இருக்கிறேன்.

அவருக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கோலாலம்பூரில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில், ஆண்களுக்கான எலும்பு முறிவு வார்டில் அவர் சிஸ்டர். அதாவது ‘மிஸ்ஸி’ என்று எல்லோரும் கூப்பிடும் மற்ற தாதியருக்கெல்லாம் தலைவி. டெங்கில் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். நாலு நிரை தள்ளிப் பால் வெட்டிக்கொண்டிருக்கும் ஆளை நின்ற இடத்திலிருந்தே கூப்பிடும் குரல், அப்படியே வார்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. அந்தக் குரலில் அவர் அதிகம் சொன்ன சொல் ‘எந்திரி’. மலாய்க்காரரிடம் ‘பாங்குன்’ என்பார், சீனரிடம் கெண்டனீஸில் சொல்வார், வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் ‘கெட் அப்’ என்று சொன்னதையும் பார்த்தவர்கள் உண்டு. எல்லா மொழியிலும் நோயாளிகள் ஒரே மாதிரிதான் பயந்தார்கள்.

அவர் நினைவு இப்போது வந்ததற்குக் காரணம் என் நண்பர் ஒருவரின் மனைவி. போன வாரம் அவருக்கு முழங்கால் மூட்டு மாற்றினார்கள். டாக்டர் வழிகாட்ட, ரோபோவின் கை தேய்ந்த எலும்பை மயிரிழை பிசகாமல் செதுக்கியதாம். அன்று மாலையே எழுந்து நின்றுவிட்டாராம். நண்பர் அந்த ரோபோவைத் தானே பெற்று வளர்த்ததைப் போல விவரித்தார். எல்லாம் கேட்டுவிட்டு, “சரி, எந்திரின்னு யாரு சொன்னா?” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார். அவருக்கு எலும்பு முறிந்ததே இல்லை. பாவம், புரியாது.

எனக்கு முறிந்தது எழுபதுகளின் கடைசியில். பஸ் நிறுத்தத்தில் நின்ற ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டே மோட்டார் சைக்கிள் ஓட்டி, ஓரமாக நின்றிருந்த தேங்காய் லோரியில் போய் மோதினேன். தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. காலில் எடை கட்டித் தொங்கவிட்டு வாரக்கணக்கில் படுக்க வைத்தார்கள். அதுவரை சிஸ்டர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. எலும்பு ஒட்டிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன மறு நிமிடம் கட்டிலருகே வந்து நின்றார்.

“எந்திரி தம்பி.”

“சிஸ்டர், தல சுத்துது.”

“சுத்தட்டும். கால வச்சுதான நிக்கச் சொல்றேன்.”

“வலிக்குது சிஸ்டர்.”

“வலிக்கும்லா. நீதான போயி லோரில மோதுன. லோரி வந்து உன் மேல மோதல.”

நின்றேன். உயிர் போய்த் திரும்பியது. அந்த வலியைவிட, எதிர்க்கட்டிலில் இருந்த பெரியவர் சிரித்ததுதான் அதிகம் வலித்தது. மறுநாள் அவரை எழுப்பினார் சிஸ்டர். நான் மனம் குளிரச் சிரித்தேன்.

செலாயாங் மொத்தச் சந்தையில் மூட்டை தூக்கும் மணியம் என்று ஒருவர் இருந்தார். ஆள் ஆறடி உயரம், கழுத்து என் இடுப்பளவு. அந்தப் பாசாரில் அவர் நடந்து வந்தால் தராசுகள்கூடச் சரியாக நிற்கும் என்பார்கள். உருளைக்கிழங்கு மூட்டைகள் சரிந்து காலில் விழுந்து வார்டுக்கு வந்தார். எழுந்து நிற்கும் நாளன்று, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

“பாசார்ல பத்து பேர ஒத்தையா அடிச்சேன்னு மிஸ்ஸிங்க கிட்ட கத சொன்னியாமே. இப்ப ஒன் ரெண்டு காலு ஒன்னய அடிக்குதா? எந்திரி.”

மணியம் எழுந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு ஒரு லோரி காய்கறி வந்தது. அனுப்பியவர் பெயர் இருக்காது. சமையல்காரர்கள் மட்டும் கீழே இறங்கி வந்து, ‘சிஸ்டர், ஒங்க ஆளு முட்டக்கோஸ் அனுப்பிட்டாரு’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

சிஸ்டரிடம் ஒரு சட்டம் இருந்தது. எந்த ஆஸ்பத்திரிப் புத்தகத்திலும் இல்லாத சட்டம். வார்டுக்குள் எப்படி வேண்டுமானாலும் வரலாம். தூக்கி வரலாம், தள்ளி வரலாம், கதவைக் கழற்றி அதில் கிடத்தியும் கொண்டு வரலாம். ஆனால் வீட்டுக்குப் போகும்போது சக்கர நாற்காலி கிடையாது. வெளி கேட் வரை சொந்தக் காலில் நடந்துதான் போக வேண்டும். கக்கத்தில் தோங்காட் கட்டையை இடுக்கிக்கொண்டு நோயாளி நடப்பார். பக்கத்தில் சிஸ்டர் நடப்பார், நோயாளியின் பையைத் தன் இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

அந்தப் பை விஷயம்தான் யாருக்கும் விளங்கவில்லை. அத்தனை அதிகாரம் பண்ணுகிறவர், நம்முடைய அழுக்குச் சாரத்தையும் பல் தேய்க்கும் பிரஷ்ஷையும் ஏன் சுமந்து வர வேண்டும்? சொந்தக்காரர்கள் கேட்டாலும் தர மாட்டார். திருடு போகாமல் இருக்க என்றார்கள் சிலர். திட்டியதற்குப் பிராயச்சித்தம் என்றார்கள் சிலர். எனக்கு அவர் பை தூக்கி வந்தபோது, இது ஒரு மரியாதை என்று நினைத்துக்கொண்டு, அந்த நொண்டல் நடையிலும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

சுல்தான் கையால் பட்டம் வாங்கிய ஒரு டத்தோவும் இந்தச் சட்டத்தில் மாட்டினார். கோயிலில் ஈரத் தரையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தவர். வீட்டுக்குப் போகும் நாளன்று அவருடைய ஆட்கள் சக்கர நாற்காலியை மல்லிகைச் சரத்தால் அலங்கரித்து, நாதஸ்வரம் தவிலோடு வந்து நின்றுவிட்டார்கள். சிஸ்டர் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“பூவெல்லாம் நல்லாத்தான் இருக்கு. டத்தோ நடந்து வருவாரு. ஒங்கள்ல யாருக்காச்சும் கால் வலிச்சா இதுல ஒக்காந்துக்குங்க.”

டத்தோ வியர்க்க வியர்க்க நடந்தார். தவில்காரர் நல்ல மனிதர். டத்தோவின் தோங்காட் தரையில் விழும் வேகத்துக்குத் தாளத்தைக் குறைத்துக்கொண்டார். பின்னால் மாலை போட்ட வெறும் நாற்காலி ஊர்வலமாக வந்தது. டத்தோவின் தோல் பெட்டி சிஸ்டரின் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. அந்த ஆண்டு முழுக்க டத்தோ எந்தக் கூட்டத்தில் பேசினாலும், தான் நடந்த கதையைச் சொல்லாமல் மைக்கை விட்டதில்லை.

சிஸ்டர் ஓய்வு பெற்றபோது வார்டே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. எங்கள் தெரு விடவில்லை. ஏனென்றால் அவர் வீடு எங்கள் தெருவில், ரயில்வே குடியிருப்பில், எனக்கு நாலு வீடு தள்ளி. அவருடைய கணவர் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கிள்ளானுக்குப் போகும் வண்டிகளுக்கெல்லாம் முப்பது வருடம் பச்சைக்கொடி காட்டிய மனிதர். வீட்டில் மட்டும் கொடி சிஸ்டர் கையில் இருந்தது.

ஓய்வுக்குப் பிறகு சிஸ்டர் தினமும் காலையில் கடைக்குக் கிளம்புவார். வழியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு யாரையாவது திட்டுவார். வளைந்து உட்காருகிற பையன், நடக்காமல் தொப்பை போட்ட சீன அங்கிள், இடுப்பு வலிக்கிறது என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குடம் தூக்கும் என் மனைவி. முதலில் ஆளுக்கு ஒரு நிமிடம்தான். ஒன்றிரண்டு வருடங்களில் அது வளர்ந்தது. எங்கள் வாசலில் கால் மணி நேரம் திட்டு விழத் தொடங்கியபோது, நான் மெதுவாகப் பின்வாசல் வழியாக வேலைக்குப் போகப் பழகிக்கொண்டேன்.

என் மனைவிதான் கண்டுபிடித்தாள்.

“நீங்க ஒரு ஆளு. அவங்க திட்டறதுக்கு நிக்கலீங்க. நிக்கறதுக்குத்தான் திட்டறாங்க. அவங்க முட்டியப் பாருங்க.”

பார்த்தேன். வலது முழங்கால் வில் மாதிரி வெளிப்பக்கம் வளைந்திருந்தது. ஒரு வாசலுக்கும் அடுத்த வாசலுக்கும் நடுவில் அந்த முகம் சுருங்குவதை அன்றுதான் கவனித்தேன். ஊரையே நடக்க வைத்த பெண்ணுக்குப் பத்தடி நடக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. மறுநாளிலிருந்து பின்வாசலைப் பூட்டிவிட்டு, முன்வாசலில் நின்று முழுத் திட்டையும் வாங்கிக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். இடையில் அவர் நிறுத்தினால், “அப்புறம் சிஸ்டர்?” என்று எடுத்தும் கொடுப்பேன்.

ஒரு நாள் அவர் வரவே இல்லை. திட்டு விழாத தெரு என்னவோ போல் இருந்தது. போய்ப் பார்த்தால், கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்திருக்க, தெருவில் போகிறவர்களை அங்கிருந்தே அதட்டிக்கொண்டிருந்தார்.

“தம்பி, நான் பச்சக்கொடி காட்டி அலுத்துட்டேன். இந்த வண்டி நகர மாட்டேங்குது,” என்றார் கணவர் மெல்ல.

அவருடைய பழைய வார்டிலிருந்து எலும்பு டாக்டர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். யாழ்ப்பாணக் குடும்பத்துப் பிள்ளை. பயிற்சி டாக்டராக இருந்த காலத்தில் சிஸ்டரின் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்பவர். வெளிநாடு போய் மூட்டு மாற்றும் சிகிச்சை படித்துவிட்டு வந்து, இப்போது அவரே பெரிய டாக்டர். சிஸ்டருக்கு மட்டும் இன்னும் ‘சின்ன டாக்டர்’. தேய்ந்த எலும்பு முனைகளைச் செதுக்கி, உலோகத் தொப்பி மாட்டி, நடுவில் பிளாஸ்டிக் தட்டு வைத்தால் பழையபடி நடக்கலாம் என்று அவர் பொறுமையாகச் சொன்னார்.

“ஒடஞ்ச எலும்பு ஒட்டும் சின்ன டாக்டர். நீங்க வெட்டி எடுக்கறது ஒட்டுமா? எனக்கு வேணாம்.”

டாக்டர் போன பிறகு நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சிஸ்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“பயமா இருக்கு தம்பி. எனக்கு ஒடம்புல ஒரு எலும்பு ஒடஞ்சதில்ல. ஒரு தையல் போட்டதில்ல. வலின்னா என்னன்னு மத்தவங்க மூஞ்சில பாத்ததுதான்.”

அவர் பயம் என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான். தேநீரைக் குடித்து முடித்தேன். கடைசியில் அவரைச் சம்மதிக்க வைத்தவர் கணவர்தான். ஓர் இரவு முழுக்க ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். ‘அந்த மனுசன் பேசாம இருக்கறத என்னால தாங்க முடியல’ என்று சொல்லிக்கொண்டு சிஸ்டர் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. சிக்கல் அதற்குப் பிறகுதான். எழுந்து நிற்க வேண்டிய நாளில் சிஸ்டர் எழவில்லை. அடுத்த நாளும் எழவில்லை.

இளம் தாதியர் பயந்து பயந்து வந்து கேட்பார்கள். “சிஸ்டர், கொஞ்சம் டிரை பண்ணலாமா?” சிஸ்டர் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. கட்டு இறுக்கமாக இருக்கிறது. கால் மரத்துவிட்டது. நான் பார்க்கப் போயிருந்தபோது, ஒரு தாதியிடம் “தல சுத்துது பிள்ள,” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என்னுடைய சாக்கு. முப்பது வருடமாக நாங்கள் எல்லோரும் சொன்ன சாக்குகளை அந்த அம்மாள் ஒன்று விடாமல் ஞாபகம் வைத்திருந்து, இப்போது ஒவ்வொன்றாக எடுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் ஹாருவான் சூப் வேறு. காயம் ஆற விரால் மீன் சூப் என்பது இந்த நாட்டில் மூன்று இனமும் சண்டையில்லாமல் நம்பும் ஒரே வைத்தியம். சிஸ்டர் படுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அவர் எழுப்பிவிட்டவர்கள் எல்லாம் ஆளுக்கொரு தூக்குச் சட்டியோடு வந்துவிட்டார்கள். மணியம் ஒரு படி மேலே போய் உயிர் மீனை வாளியில் கொண்டு வந்து, காவலாளியிடம் மாட்டி, அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அந்தக் காலத்தில் யாராவது சூப் கொண்டு வந்தால், ‘மீனு புண்ணத்தான் ஆத்தும், நடக்க நீதான் எந்திரிக்கணும்’ என்று சொல்லும் சிஸ்டர், இப்போது ‘சூப்பு குடிச்சிட்டுப் பாப்போம்’ என்று ஒவ்வொரு சட்டியாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

பார்வையாளர் நேரத்தில் ஒரு நாள் மாலை, கணவர் சூப் சட்டியோடு உட்கார்ந்திருக்க, மணியமும் நானும் கட்டிலருகே நின்றிருந்தபோது சின்ன டாக்டர் வந்தார். முகம் சரியில்லை.

“சிஸ்டர், என்ர வார்ட் முழுக்கப் படுத்துக் கிடக்குது,” என்றார். “மூட்டு மாத்தின ஒருத்தரும் எழும்ப மாட்டினமாம். கேட்டா, சிஸ்டரே எழும்பேல்லையாம்.”

விஷயம் இதுதான். வந்து போனவர்கள் எல்லாம் சிஸ்டரின் பெருமைகளை வார்டு முழுக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். எழுந்து நிற்பது பற்றி இந்த நாட்டிலேயே அதிகம் தெரிந்த பெண் படுத்திருக்கிறார் என்றால், எழுந்து நிற்பது ஆபத்தானது என்றுதானே அர்த்தம்? பக்கத்துக் கட்டிலில் ஷா ஆலத்திலிருந்து வந்திருந்த மலாய்க்கார அம்மாள், மக்சிக் என்று எல்லோரும் கூப்பிடுகிறவர், போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு தலையாட்டினார்.

“சிஸ்டர் பெலும் பாங்குன், சாயா பூன் பெலும் லா.” சிஸ்டர் இன்னும் எழவில்லை, அதனால் நானும் எழவில்லை என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

சிஸ்டர் கூரையிலிருந்து பார்வையை டாக்டர் பக்கம் திருப்பினார்.

“மக்சிக்குக்கு எப்ப ஆபரேஷன் பண்ணீங்க?”

“உங்களுக்குச் செய்த அதே நாள்.”

“இன்னும் கால மடக்கலியா?”

“இல்லை.”

“எறுகிப் போயிருமே சின்ன டாக்டர்.”

“ஓம். ரெண்டு பேருக்கும் இறுகிப் போகும். பிறகு நான் செய்ததெல்லாம் வீண்.”

சிஸ்டர் கணவர் பக்கம் திரும்பினார். “அந்த சூப்ப அங்கிட்டு வைங்க.”

போர்வையைத் தள்ளினார். நடைச்சட்டத்தைக் கொண்டுவரச் சொன்னார். உதவிக்கு வந்த மிஸ்ஸியை ஒரு பார்வையில் நிறுத்தினார். காலைக் கீழே இறக்கியபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, சட்டத்தின் கம்பியைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தார். நிமிர்ந்து நின்ற பிறகு, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணில் நீர் நிறைந்திருந்தது.

“அடப்பாவிகளா. இவ்வளவு வலியவா தாங்குனீங்க? ஒருத்தராச்சும் எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா.”

“சொன்னோம் சிஸ்டர்,” என்றார் மணியம் பணிவாக. “நீங்க எந்திரின்னீங்க.”

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கால் வலித்தது. இரண்டையும் சமாளித்துக்கொண்டு பக்கத்துக் கட்டில் பக்கம் திரும்பினார். அந்தப் பழைய தோட்டக் குரல் வெளியே வந்தது.

“மக்சிக். பாங்குன்.”

மக்சிக் எழுந்தார். எதிர்க்கட்டிலில் இடுப்பு மூட்டு மாற்றியிருந்த பெண், தன் முறைக்குக் காத்திராமல் தானாகவே போர்வையை விலக்கினார். மணியம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ஆறடி உடம்பு குலுங்க மூக்கைச் சிந்தினார்.

வீட்டுக்குப் போகும் நாளன்று நானும் போயிருந்தேன். கணவர் காரை எடுத்து வரப் போயிருந்தார். காலம் மாறி, நோயாளிகளைச் சக்கர நாற்காலியில்தான் வெளியே அனுப்ப வேண்டும் என்று இப்போது ஆஸ்பத்திரியே சட்டம் போட்டிருந்தது. ஓர் இளைஞர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். சிஸ்டர் அவரைப் பார்த்தார். அவ்வளவுதான், நாற்காலி வந்த வழியே திரும்பிப் போனது.

“கார கேட்டுக்கு வெளிய நிறுத்தச் சொல்லிருக்கேன். தம்பி, என் பைய எடு.”

சிறிய துணிப்பை. ஒரு கையில் எடுத்துக்கொண்டேன். தோங்காட்டை ஊன்றி அவர் முதல் அடி வைத்தபோது என் இன்னொரு கை தானாக அவர் முழங்கைப் பக்கம் போனது. அவர் நின்றுவிட்டார்.

“ரெண்டு கையாலயும் புடி பைய.”

“கனமே இல்ல சிஸ்டர்.”

“கனத்துக்குச் சொல்லல. ஒரு கை சும்மா இருந்தா என்னயப் புடிச்சிருவ. புடிச்சா நான் சாஞ்சிருவேன். அப்புறம் எப்ப நடக்கறது?”

கையிலிருந்த பையைப் பார்த்தேன். “அதுக்காகத்தான் எங்க பையெல்லாம் நீங்க...”

“பின்ன? நீங்க தள்ளாடறப்ப எனக்குப் புடிக்கணும்னு இருக்காதா? நானும் மனுசிதான தம்பி.”

அவர் நடக்கத் தொடங்கினார். தாழ்வாரம் முடிந்து, படி இறங்கி, மழை மரத்தடியைத் தாண்டி, கேட் வரை நல்ல தூரம். இரண்டு இடத்தில் தள்ளாடினார். பையை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தேன். சிஸ்டர் விழவில்லை. நான்தான், கண்ணைத் துடைக்க ஒரு கை இல்லாமல், வழி மங்கலாகத் தெரிய நடந்து போனேன்.